நூறு சொற்களுக்கு மிகாமல்

"வகுப்பறையில் தொழில்நுட்பப் பயன்பாடு:
இவ்வாண்டுக்கான தங்கள் இலக்குகள் மூன்று.
நூறு சொற்களுக்கு மிகாமல்.
வெள்ளி மாலை ஐந்து மணிக்குள்."

ஏற்காடு பஸ்ஸில்
பதினான்காவது கொண்டை ஊசியில்
போனுக்குள் வந்து விழுந்தது படிவம்.
பதினைந்தாவதில் சிக்னல் போய்விட்டது.
இன்றைக்கே வெள்ளி.

காக்கம்பாடிப் பள்ளிக்கு
இரண்டு அறை, ஐந்து வகுப்பு,
பத்தொன்பது பிள்ளைகள், ஒரு ஸ்மார்ட் போர்டு.
அதைச் சுவரில் ஏற்றிய அன்று
சந்தனம் வைத்துத் தேங்காய் உடைத்தோம்.
மறுவாரம் மின்கம்பியில்
சில்வர் ஓக் சாய்ந்தது.
பதினோரு நாள்
அந்தக் கறுப்புக் கண்ணாடியில்
பிள்ளைகள் தலை வாரிக்கொண்டார்கள்.
அதுவும் பயன்பாடுதான்,
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

முதல் கட்டத்தில்
கை பழகியபடி தட்டினேன்:
"கற்றல் விளைவுகளை மேம்படுத்துதல்."
போன வருஷமும் இதேதான்.
அதற்கு முந்தின வருஷம்
'மேம்படுத்துதலில்' ஒரு ஒற்று விட்டிருந்தது.
அந்த ஒற்றளவு மேம்பட்டிருக்கிறோம்.

அழித்தேன்.

மூன்றாம் வகுப்புச் சேர்வராயன்
ஆடியிலிருந்து வாய் திறக்காதவன்.
சாமி பெயரை வைத்ததால்
சாமி மாதிரியே இருக்கிறான் என்பாள்
சத்துணவு செல்லம்மாள்.
ஒருநாள் டேப்லெட்டை அவனிடம் கொடுத்து
பேசினால் எழுதும் என்றேன்.
சுற்றிப் பார்த்து, வாயருகே வைத்து
"ஆடு" என்றான்.
'ஆறு' என்று எழுதியது.
"ஆடு."
'ஆறு.'
எழுந்து நின்றான்.
"ஆடு! டு! டூ!
கொம்பிருக்கும், எங்கூட்டு ஆடு!"
ஐந்து வகுப்பும் திரும்பிப் பார்த்தது.
கருவி அப்போதும் ஏதோ தப்பாகத்தான் எழுதியது.
நான் அதை ரிப்பேருக்கு அனுப்பவில்லை.

பிறகு ரம்யஸ்ரீ.
காப்பிப் பழம் பறிக்கிற மாதம்,
ஐந்தாம் வகுப்பில் பாதிப் பேர் வரமாட்டார்கள்.
வந்தவள் பாவாடை மடிப்பிலிருந்து
அம்மாவின் எடைச்சீட்டுகளை எடுத்தாள்.
பதினைந்து சீட்டு, பதினைந்து மூட்டை,
மூட்டைக்கு இரண்டு கிலோ 'ஈரக் கழிவு'.
கிலோவுக்கு ஆறு ரூபாய்.
நூற்று எண்பது என்றது கால்குலேட்டர்.
நம்பாமல் மூன்று தடவை போட்டாள்.
மூன்று தடவையும் நூற்று எண்பது.

மறுநாள் அவள் அம்மா மாதேஸ்வரி
செருப்பைக் கேட்டிலேயே விட்டுவிட்டு வந்தாள்.
"அந்தக் கணக்கைக் காயிதத்துல ஏத்திக் குடுங்க டீச்சர்."
எங்களிடம் பிரிண்டர் இல்லை.
ரம்யஸ்ரீதான் நோட்டில் கோடு போட்டு
முத்து முத்தாக எழுதிக் கொடுத்தாள்.

மேஸ்திரி சொன்னாராம்:
"இது மிஷின் தராசு. மிஷின் பொய் சொல்லாது."

ரம்யஸ்ரீ என்னிடம் வந்து கேட்டாள்:
"நம்மளுதும் மிஷின்தானே டீச்சர்?
ரெண்டுல எது பொய் சொல்லுது?"

அன்று எனக்கு
ஆறாவது பாடவேளை என்ன நடத்தினேன் என்று
ஞாபகம் இல்லை.

நாலே முக்காலுக்குப்
பள்ளிக்குப் பின்னால் பாறைமேல் ஏறி நின்றேன்.
ஊரில் இரண்டு புள்ளி சிக்னல்
அங்கேதான் கிடைக்கும்.
பாறையில் ஏற்கெனவே இரண்டு பேர்,
ஒருவர் மகளிடம் பேசிக்கொண்டும்
ஒருவர் பலாவுக்கு விலை கேட்டுக்கொண்டும்.
பேட்டரி ஒன்பது சதவீதம்.
கீழேயிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது.

இலக்கு ஒன்று:
சேர்வராயன் இயந்திரத்தைத் திருத்துவது.
இலக்கு இரண்டு:
கழித்தல், எடையோடு.

நூறில் ஐந்து சொல் செலவு.

மூன்றாவதைக் காலியாக விட்டேன்.
'இது கட்டாயப் புலம்' என்று சிவந்தது திரை.
மேம்படுத்துதல் என்று தட்டினால் போதும், போய்விடும்.
கட்டைவிரல் அங்கேயே நின்றது.
பஸ் ஹாரன் இரண்டாம் தடவை அடித்தது.

ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டேன்.

ஏற்றுக்கொண்டது.